பல் டாக்டர் போடும் மரத்துப்போகிற ஊசி எங்கிருந்து வந்தது? ஓர் இலை, ஒரு தவளை, கார்ல் கோலர் கதை

பல் பிடுங்கப் போகிறீர்கள். டாக்டர் ஈறில் ஓர் ஊசி போடுகிறார். கொஞ்ச நேரத்தில் பாதி உதடு யாருடையதோ போல ஆகிவிடுகிறது. பல்லை ஆட்டுவது தெரிகிறது, இழுப்பது தெரிகிறது, வலி மட்டும் இல்லை. நினைவும் போகவில்லை, தூக்கமும் வரவில்லை. அந்த இடத்தை மட்டும் யாரோ ஸ்விட்ச் ஆஃப் செய்த மாதிரி.

அந்த ஊசியில் இருக்கும் மருந்தின் பெயர் பெரும்பாலும் லிக்னோகைன். வீட்டில் பாட்டிக்கோ அப்பாவுக்கோ கண்புரை ஆபரேஷன் நடந்திருந்தால், கண்ணில் சொட்டியது ப்ரோபராகைனாக இருக்கலாம். முதுகுத்தண்டில் போடும் மயக்க ஊசி என்றால் புபிவகைன். எல்லாப் பெயரும் 'கைன்' என்றே முடிகிறது, கவனித்தீர்களா? அந்த வால் வந்தது கோகைனிலிருந்து. ஆமாம், சினிமாவில் வில்லன்கள் கடத்தும் அதே கோகைன்தான். அது தென் அமெரிக்காவில் வளரும் கோக்கா செடியின் இலையில் இருக்கும் பொருள். (சாக்லேட் செய்யும் கோகோ வேறு செடி. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்த இலைச்சத்துக்கு ஓர் இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் சக்தி உண்டு என்று நிரூபித்து, அதை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுவந்தவர் கார்ல் கோலர். அப்போது அவருக்கு வயது 26. சொந்த ஊரில் வேலை நிரந்தரமாகாத ஒரு ஜூனியர் டாக்டர். கண்டுபிடித்த பிறகும் ஆகவில்லை. அது ஏன் என்பதுதான் இந்தக் கதையின் பாதி.

கண்ணை மட்டும் மரக்கச் செய்ய ஒரு மருந்து

கோலர் பிறந்தது 1857 டிசம்பர் 3-ல், அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்த பொஹீமியாவின் ஷூட்டன்ஹோஃபன் என்ற சிறு ஊரில். இன்று அது செக் குடியரசில் இருக்கும் சுஷிட்சே. யூதக் குடும்பம். வியன்னா பல்கலைக்கழகத்தில் முதலில் ஒரு வருஷம் சட்டம் படித்தார். ஒட்டவில்லை. மருத்துவத்துக்கு மாறி, 1882-ல் பட்டம் வாங்கினார்.

படிக்கும்போதே ஸாலமன் ஸ்ட்ரிக்கர் என்ற பேராசிரியரின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்திருக்கிறார். கோழிக் கருவின் வளர்ச்சி பற்றிய ஆராய்ச்சி அங்கே செய்ததுதான். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் சந்தேகம் வந்தால் விலங்கில் சோதித்துப் பார் என்ற பழக்கம் அவருக்கு வந்தது அங்கிருந்துதான். பின்னால் இதுதான் உதவியது.

அவருடைய கனவு, வியன்னா பொது மருத்துவமனையின் கண் பிரிவில் உதவி டாக்டர் பதவி. அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்க மதிப்பிருந்த வேலை. அங்கே தலைவராக இருந்த ஃபெர்டினாண்ட் ஆர்ல்ட், பெரிய கண் மருத்துவர். அவர் தன்னிடம் வேலை கற்றவர்களிடம் அடிக்கடி ஒரு குறையைச் சொல்வாராம்: கண் ஆபரேஷனுக்கு ஏற்ற மயக்க மருந்தே இல்லை.

1840-களிலேயே ஈதரும் குளோரோஃபார்மும் வந்துவிட்டனவே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். வயிற்றையோ காலையோ அறுக்க அவை போதும். கண்ணுக்குச் சரிப்படவில்லை. முதல் காரணம், கண் டாக்டருக்கு நோயாளி விழித்திருக்க வேண்டும். மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்றால் பார்க்க வேண்டும். இரண்டாவது காரணம் இன்னும் மோசம். ஈதர் மயக்கம் தெளியும்போது நோயாளி குமட்டி வாந்தி எடுப்பார். அப்போதெல்லாம் கண்புரை ஆபரேஷனில் கண்ணைத் திறந்த வெட்டுக்கு நல்ல தையல் கிடையாது. வாந்தியின் அழுத்தத்தில் அந்த வெட்டு விரிந்து, கண்ணுக்குள் இருப்பது வெளியே பிதுங்கிவிடும். புரை போகும், கண்ணும் போகும்.

அதனால் பல இடங்களில் மயக்கமே கொடுக்காமல்தான் செய்தார்கள். நோயாளியைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் நிற்பார்கள். முழு நினைவோடு இருக்கும் மனிதரின் கண்ணுக்கு நேராகக் கத்தி வரும். அதைப் படிக்கும்போதே நமக்கு இமை மூடுகிறது. அந்த மனிதருக்கு மூட வழியில்லை.

கோலர் இந்தப் பிரச்சினையைப் பிடித்துக்கொண்டார். உடம்பு முழுவதும் மயங்க வேண்டாம், கண்ணின் மேற்பரப்பு மட்டும் மரத்தால் போதும். ஸ்ட்ரிக்கர் கூடத்தில் விலங்குகளின் கண்ணில் குளோரல், புரோமைடு, மார்ஃபின் எல்லாவற்றையும் சொட்டிப் பார்த்தார். ஒன்றும் வேலைக்காகவில்லை. விட்டுவிட்டார். ஆனால் கேள்வி மட்டும் தலைக்குள் அப்படியே இருந்தது.

சென்னையைத் தொட்டுப்போன கப்பல்

இனி அந்த இலை. ஆண்டீஸ் மலை மக்கள் கோக்கா இலையைப் பல நூற்றாண்டுகளாக மென்று வந்திருக்கிறார்கள். கூடவே கொஞ்சம் சுண்ணாம்போ சாம்பலோ சேர்ப்பார்கள். நம் ஊர் வெற்றிலை பாக்கு மாதிரியே. சுண்ணாம்பு சேர்ந்தால்தான் இலையின் சத்து நன்றாக இறங்கும். மென்றால் பசி தெரியாது, களைப்பு தெரியாது, வாய் மரத்துப்போகும்.

ஐரோப்பாவின் வேதியியலாளர்களுக்கு இந்த இலை வேண்டும். ஆனால் கைக்குக் கிடைத்தது கொஞ்சமே. அந்தக் குறையைத் தீர்த்தது 'நோவாரா' என்ற ஆஸ்திரியப் போர்க்கப்பல். 1857-ல் உலகைச் சுற்றிவரக் கிளம்பி 1859-ல் திரும்பிய அறிவியல் பயணம் அது. 1858-ல் இலங்கையையும் சென்னையையும் தொட்டு நிக்கோபார் பக்கம் போனது. அதில் போன கார்ல் ஷெர்ஸர் என்பவர், பிறகு தென் அமெரிக்காவில் திரட்டிய கோக்கா இலைகள் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்கு வந்தன. அங்கே ஆல்பர்ட் நீமன் என்ற மாணவர் 1860-ல் இலையிலிருந்து வெள்ளைப் படிகத்தைப் பிரித்தெடுத்து, கோகைன் என்று பெயர் வைத்தார். நாக்கில் வைத்தால் மரக்கிறது என்றும் எழுதினார். அடுத்த வருஷமே இறந்துபோனார். வயது 26.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1860-லேயே நாக்கு மரப்பது எழுத்தில் வந்துவிட்டது. 1868-ல் பெரு நாட்டு அறுவை மருத்துவர் தாமஸ் மொரேனோ இ மைஸ் தவளைகளில் சோதித்து, இதை வலியடக்கப் பயன்படுத்த முடியுமா என்று கேட்டிருந்தார். 1880-ல் வசிலி ஃபான் அன்ரெப் என்ற ரஷ்யர், விலங்குகளில் விரிவாகச் சோதித்ததோடு தன் தோலுக்கு அடியிலேயே ஊசி போட்டு, அந்த இடத்தில் ஊசி குத்தினால் தெரியவில்லை என்று பதிவு செய்திருந்தார். ஆக, தகவல் எல்லாம் அலமாரியில் இருந்தது. 24 வருஷம் அப்படியே கிடந்தது.

நம் வீட்டில் பல்வலி வந்தால் கிராம்பைக் கடிக்கச் சொல்வார்கள். வாய் மரக்கும், வலி கொஞ்சம் அடங்கும். எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அதை எடுத்துக்கொண்டு போய் எவ்வளவு, எத்தனை நேரம், எங்கே, ஆபத்து என்ன என்று கேட்பது வேறு.

ஃப்ராய்டும் ஒரு வெள்ளைப் பொடியும்

1884. கோலரோடு அதே மருத்துவமனையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், கோகைன் மேல் பெரிய ஆர்வத்தில் இருந்தார். 28 வயது, கையில் காசில்லை, காதலியைக் கல்யாணம் செய்துகொள்ள ஒரு பெயர் வாங்கியாக வேண்டும் என்ற அவசரம். அவர் பெயர் சிக்மண்ட் ஃப்ராய்டு. உளப்பகுப்பாய்வு எல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால்.

டார்ம்ஸ்டாட் நகரின் மெர்க் கம்பெனியிடமிருந்து கோகைன் வாங்கிய ஃப்ராய்டு, அது களைப்பைப் போக்கும், மனச்சோர்வை நீக்கும், மார்ஃபின் அடிமைத்தனத்தையும் குணமாக்கும் என்று நம்பினார். கடைசியாகச் சொன்னது பெரிய தவறு. எர்ன்ஸ்ட் ஃபான் ஃப்ளைஷ்ல் என்ற நண்பர், கட்டைவிரல் வெட்டப்பட்ட பிறகு தீராத நரம்பு வலிக்கு மார்ஃபின் எடுத்து அதற்கு அடிமையாகியிருந்தார். அவருக்கு ஃப்ராய்டு கோகைன் கொடுத்தார். அவர் கோகைனுக்கும் அடிமையாகி, 1891-ல் இறந்தார்.

அந்த வருஷம் ஜூலையில் ஃப்ராய்டு கோக்கா பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதன் கடைசியில், இதன் மரக்கச் செய்யும் குணத்துக்கும் பயன் இருக்கலாம் என்று போகிற போக்கில் ஒரு குறிப்பு. அவ்வளவுதான். கண் மருத்துவர் லியோபோல்ட் கோனிக்ஸ்டைனிடம், கண் நோய்களின் வலிக்கு இதைப் போட்டுப் பாருங்கள் என்றும் சொல்லிவைத்தார். கோலரையும் சேர்த்துக்கொண்டு, கோகைன் விழுங்கினால் கை பலம் கூடுகிறதா என்று கருவி வைத்து அளந்து பார்த்தார். அப்போது இருவர் வாயும் மரத்தது. இருவருக்கும் தெரிந்தது.

பிறகு ஃப்ராய்டு, ஹாம்பர்க் பக்கத்தில் இருந்த காதலி மார்த்தாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

நாக்கில் பட்ட பொறி

கோடை முடியும் நேரம். மருத்துவமனை நண்பர்கள் சிலரோடு கோலர் இருந்தபோது, எங்கெல் என்ற டாக்டர் பேனாக்கத்தி முனையில் கொஞ்சம் கோகைனை எடுத்து நாக்கில் வைத்தார். நாக்கு எப்படி மரக்கிறது பாருங்கள் என்று ஆச்சரியப்பட்டார். சாப்பிட்ட எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று கோலர் பதில் சொன்னார். சொல்லி முடிக்கும்போதே அவருக்குள் இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டன. நாக்கு மரக்கிறதென்றால் கண்?

நேராக ஸ்ட்ரிக்கரின் கூடத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் உதவியாளர் குஸ்டாவ் கார்ட்னர். நடந்ததைப் பல வருஷம் கழித்து எழுதிவைத்தவரும் இவர்தான்.

கோலர் தன்னிடமிருந்த வெள்ளைப் பொடியில் கொஞ்சம் எடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தார். தொட்டியிலிருந்து சுறுசுறுப்பான பெரிய தவளை ஒன்றைப் பிடித்தார்கள். துணியில் சுற்றி அசையாமல் வைத்து, ஒரு கண்ணில் மட்டும் ஒரு சொட்டு விட்டார்கள். கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு ஊசியால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார்கள். முதலில் தவளை இமையை மூடியது. சுமார் ஒரு நிமிஷம் கழித்துத் தொட்டபோது மூடவில்லை. அழுத்தித் தொட்டார்கள், கீறினார்கள். அசையவில்லை. அடுத்த கண்ணை லேசாகத் தொட்டதும் துள்ளியது.

அடுத்து முயல். அடுத்து நாய். இரண்டிலும் அதே முடிவு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் மருந்தைச் சொட்டினார்கள். கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு, குண்டூசியின் தலைப்பக்கத்தால் தங்கள் கருவிழியைத் தாங்களே தொட்டார்கள். இரண்டு பேருக்கும் எதுவும் தெரியவில்லை. கண் மருத்துவம் நூற்றாண்டுகளாகக் காத்திருந்த விஷயம், ஒரு மதியப் பொழுதைக்கூட முழுசாக எடுத்துக்கொள்ளாமல் முடிந்தது.

ஏன் ஒரு கண்ணில் மட்டும்?

இந்தச் சோதனையின் அழகு எல்லாம் அந்த இரண்டாவது கண்ணில் இருக்கிறது. தவளை இமையை மூடவில்லை என்றால் பல காரணம் இருக்கலாம். பயத்தில் உறைந்திருக்கலாம், களைத்திருக்கலாம், மருந்து உடம்பு முழுக்கப் பரவி மயங்கியிருக்கலாம். மருந்து போடாத கண் உடனே துள்ளியதால் அந்தச் சந்தேகம் எல்லாம் ஒரே அடியில் போய்விட்டது. தவளை விழித்திருக்கிறது, உணர்கிறது, சொட்டு விட்ட இடத்தில் மட்டும் உணர்ச்சி இல்லை. ஒரே உயிர், ஒரே நேரம், ஒரு கண்ணுக்கு மருந்து, மறு கண் ஒப்பீட்டுக்கு.

தவளையில் ஆரம்பித்து முயல், நாய், பிறகு மனிதர் என்று போனதும் காரணத்தோடுதான். தவளையில் நடந்தது பாலூட்டியில் நடக்கும் என்று உறுதியில்லை. இது எவ்வளவு அவசியம் என்பது ஃப்ராய்டைப் பார்த்தால் தெரியும். அவர் தன் மேலும் நண்பர் மேலும் நேராகப் போட்டுப் பார்த்து, பிடித்ததை எழுதினார். ஒப்பிட எதுவும் இல்லை. ஃப்ளைஷ்ல் அதற்கு விலை கொடுத்தார்.

இன்றும் ஒரு செடியின் இலைச்சாறு வலியைக் குறைக்கிறதா என்று பார்க்கும் பார்மசி மாணவர்கள் கிட்டத்தட்ட இதே தர்க்கத்தில்தான் போகிறார்கள். எலியை மிதமான சூட்டுத் தட்டில் விட்டு, எத்தனை நொடியில் காலை நக்குகிறது அல்லது குதிக்கிறது என்று கணக்கு வைப்பார்கள். காயம் படாமல் இருக்க, குறிப்பிட்ட நொடிக்கு மேல் தட்டில் விடுவதில்லை. வாலில் வெப்ப ஒளி பட்டதும் எத்தனை நொடியில் வாலை இழுக்கிறது என்று பார்ப்பது இன்னொரு முறை. ஒரு குழுவுக்கு இலைச்சாறு, ஒரு குழுவுக்கு வெறும் கரைப்பான், ஒரு குழுவுக்கு ஏற்கெனவே தெரிந்த வலி மருந்து. மரக்கச் செய்யும் மருந்து என்றால் முயலின் கருவிழியை மெல்லத் தொட்டு இமைக்கிறதா என்று பார்ப்பது பாடப்புத்தகத்திலேயே உண்டு. அது அப்படியே கோலரின் சோதனை.

ஒரு வித்தியாசம் முக்கியமானது. கோலருக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்று இந்தியாவில் 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் ஆய்வகத்தில் ஓர் எலியைக்கூடத் தொட முடியாது. எத்தனை விலங்கு, ஏன் இத்தனை, வேறு வழியில்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பாடம் கற்பிக்க மட்டும் என்றால் உயிருள்ள முயலே வேண்டாம் என்ற நிலைக்கு வந்துவிட்டோம். புதுச்சேரி ஜிப்மரில் உருவான 'எக்ஸ்ஃபார்ம்' மென்பொருளில், முயலின் கண்ணில் மருந்து சொட்டினால் என்ன ஆகும் என்பதைக் கணினித் திரையிலேயே பார்த்துவிடலாம்.

எப்படி மரக்கிறது?

இது கோலருக்குத் தெரியாது, பிறகு தெரிய வந்தது. வலி என்பது நரம்பு வழியாக மூளைக்குப் போகும் மின்துடிப்பு. நரம்பின் சுவரில் நுண்ணிய வாயில்கள் உண்டு. அவை திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்தால்தான் துடிப்பு அடுத்த அடிக்கு நகரும். கோகைன் அந்த வாயில்களை அடைத்துவிடும். செய்தி கிளம்பிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. மருந்து கரைந்து போனதும் வாயில் திறக்கும், உணர்வு திரும்பும். பல் டாக்டர் போடும் ஊசியும் இதைத்தான் செய்கிறது.

காசில்லை, காகிதம் மட்டும் போனது

1884 செப்டம்பர் 11-ல் கோகைன் சொட்டி முதல் கண் ஆபரேஷன் நடந்தது. நான்கு நாளில், செப்டம்பர் 15-ல், ஹைடல்பெர்கில் கண் மருத்துவர்கள் மாநாடு. ஊர் ஊராகச் சொல்ல அதைவிட நல்ல மேடை கிடைக்காது. கோலரிடம் ரயில் டிக்கெட்டுக்குக் காசில்லை. வியன்னா வழியாகப் போன ட்ரியெஸ்ட் நகர டாக்டர் யோசஃப் பிரெட்டவரிடம் கட்டுரையைக் கொடுத்தனுப்பினார். அவர் அதை வாசித்துச் செய்தும் காட்டினார். மாநாட்டில் இருந்த நியூயார்க் டாக்டர் ஹென்றி நாய்ஸ் உடனே ஊருக்கு எழுத, அக்டோபரில் அமெரிக்க மருத்துவ இதழில் செய்தி வந்தது. இன்றைய பாஷையில் சொன்னால் வைரல். கண், மூக்கு, தொண்டை என்று மாதக் கணக்கில் உலகம் முழுக்க மருத்துவர்கள் கோகைன் கரைசலோடு இறங்கிவிட்டார்கள்.

அக்டோபர் 17-ல் வியன்னா மருத்துவர் சங்கத்தில் கோலரே பேசினார். அதே மாலையில் கோனிக்ஸ்டைனும் தன் கோகைன் முடிவுகளோடு வந்திருந்தார். கோலரின் பெயர் அதில் இல்லை. யார் முதலில் என்ற சண்டை முளைக்க வேண்டிய இடம். ஃப்ராய்டும், பின்னால் நோபல் வாங்கிய யூலியஸ் வாக்னர்-யாரெக்கும் கோனிக்ஸ்டைனிடம் பேசி, முதலிடம் கோலருக்கே என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். கையில் கிடைத்திருக்க வேண்டிய புகழ் நண்பருக்குப் போனதை ஃப்ராய்டு மறக்கவே இல்லை. 1925-ல் எழுதிய சுயவரலாற்றில், காதலியைப் பார்க்கப் போனதால் வந்த வினை என்கிற மாதிரி எழுதினார். ஆனாலும் கண்டுபிடித்தது கோலர்தான் என்பதை மறுக்கவில்லை. 'கோக்கா கோலர்' என்ற செல்லப் பெயரும் ஃப்ராய்டு வைத்ததுதான்.

1885-ல் ஃப்ராய்டின் அப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். செய்தவர் கோனிக்ஸ்டைன். கோகைன் சொட்டியவர் கோலர். பக்கத்தில் நின்றவர் ஃப்ராய்டு. இந்த மருந்தோடு சம்பந்தப்பட்ட மூன்று பேரும் ஒரே அறையில்!

கன்னத்தில் ஓர் அடி

இத்தனை பெயர் வாங்கியவருக்கு அந்த உதவி டாக்டர் பதவி கிடைத்திருக்க வேண்டுமே?

1885 ஜனவரி தொடக்கம். கோலர் மருத்துவமனையில் பணியில் இருக்கிறார். விரலில் அடிபட்ட ஒருவர் வருகிறார். ரத்தம் நிற்க இறுக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். அப்படியே விட்டால் விரல் செத்துவிடும் என்று கோலர் கட்டைத் தளர்த்தப் போகிறார். வேறு பிரிவைச் சேர்ந்த டாக்டர் ஒருவர் தலையிடுகிறார். வாக்குவாதம். அந்த டாக்டர், சுற்றிலும் ஆட்கள் இருக்க, கோலரை யூதர் என்று சொல்லிக் கேவலமாகத் திட்டுகிறார். கோலர் அவர் கன்னத்தில் ஓர் அடி கொடுத்தார்.

இருவரும் ராணுவத்தின் ரிசர்வ் அதிகாரிகள். அந்தக் காலத்து ராணுவ மரபுப்படி அடிக்குப் பதில் வாள் சண்டைதான். குதிரைப்படை முகாம் ஒன்றில் நடந்தது. கோலருக்கு வாள்வீச்சில் பழக்கம் அதிகமில்லை. எதிராளிக்குத் தலையிலும் கையிலும் வெட்டு விழுந்தது. கோலருக்குக் கீறல்கூட இல்லை. யூத மருத்துவர்கள் பலர் உள்ளூரச் சந்தோஷப்பட்டார்கள். ஃப்ராய்டும் அதில் ஒருவர்.

ஆனால் வாள் சண்டை சட்டப்படி குற்றம். வழக்கு வந்தது. பிறகு மன்னிப்பு கிடைத்தது, அந்தப் பதவி மட்டும் கிடைக்கவில்லை. காரணம் வாள் சண்டையா, யூதர் என்பதா, யாருக்கும் வளையாத அவருடைய குணமா? கோலர் நயமாகப் பேசி வேலை வாங்கும் ரகம் இல்லை, அது உண்மை. ஆனால் 1880-களின் வியன்னாவில் யூத வெறுப்பு வளர்ந்துகொண்டிருந்ததும் உண்மை. திட்டியது இன்னொருவர், ஊரைவிட்டுப் போனது கோலர். உலகமே பயன்படுத்தத் தொடங்கிய முறையைக் கண்டுபிடித்த ஊரில் அவருக்கு ஒரு ஜூனியர் பதவி இல்லை.

நியூயார்க்கில் 56 வருஷம்

1885-லேயே நெதர்லாந்தின் உட்ரெக்ட் போனார். அங்கே டோன்டர்ஸ், ஸ்னெலன் என்ற பெரிய கண் மருத்துவர்களோடு இரண்டு வருஷம். ஸ்னெலன் யாரென்று தெரியவில்லையா? கண் டாக்டர் ரூமில் மேலே பெரிய எழுத்தும் கீழே போகப் போகச் சின்ன எழுத்துமாகத் தொங்குகிற அட்டை இருக்கிறதே, அதை உருவாக்கியவர். பிறகு கொஞ்ச நாள் லண்டன். 1888-ல் நியூயார்க்.

அங்கே மவுன்ட் சைனாய் மருத்துவமனையில் கண் மருத்துவராகச் சேர்ந்து, தனியாகவும் நோயாளிகளைப் பார்த்தார். 1893-ல் லாரா ப்ளம் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு குழந்தைகள். மகள் ஹார்டென்ஸ் பின்னாளில் அப்பாவின் கதையை விரிவாக எழுதினார். அந்த வருஷங்களில் பெரிய கொந்தளிப்பு எதுவும் இல்லை. காலையில் நோயாளிகள், மாலையில் வீடு. வெளியே இவருடைய மருந்து ஒரு பக்கம் உயிரைக் காப்பாற்றிக்கொண்டும், இன்னொரு பக்கம் கெடுத்துக்கொண்டும் இருந்தது.

கெடுத்ததையும் சொல்லியாக வேண்டும். கோலரின் செய்தியைப் படித்துவிட்டு நரம்புக்குள் கோகைன் ஊசி போட்டு ஆராய்ந்த அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், தன் மேலேயே சோதித்து அடிமையானார். அளவு மிஞ்சி இறந்த நோயாளிகளும் உண்டு. கண்ணிலேயேகூடக் கோகைன் கருவிழியை உலரவைத்துப் புண்ணாக்கும் என்று தெரிய வந்தது. மரக்கச் செய்யும் குணம் வேண்டும், போதை வேண்டாம். இதற்காக வேதியியலாளர்கள் மூலக்கூறைப் பிரித்து மாற்றி அடுக்கினார்கள். ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் ஐன்ஹார்ன் உருவாக்கிய புரோகைன் 1905-ல் பயன்பாட்டுக்கு வந்தது. 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிக்னோகைனை உருவாக்கினார். இவற்றில் கோக்கா இலை ஒரு துளியும் இல்லை. 'கைன்' என்ற வால் மட்டும் மிச்சம்.

நோபலுக்குக் கோலரின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. கிடைக்கவில்லை. 1922-ல் அமெரிக்கக் கண் மருத்துவச் சங்கம் தன் ஹோவ் பதக்கத்தை முதன்முதலாக இவருக்குத்தான் கொடுத்தது. டிக்கெட்டுக்குக் காசில்லாமல் போக முடியாத அந்த ஹைடல்பெர்கும் 1927-ல் பதக்கம் கொடுத்துக் கௌரவித்தது. 1944 மார்ச் 21-ல் நியூயார்க்கில் இறந்தார். வயது 86. அவர் விட்டு வந்த வியன்னா, 1938-லிருந்து ஹிட்லர் கையில் இருந்தது. வயதான ஃப்ராய்டும் அங்கிருந்து தப்பி, லண்டனில் 1939-ல் இறந்துவிட்டிருந்தார்.

நம் பக்கத்துக்கு வந்தால், 1976-ல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் இன்று கண்புரை ஆபரேஷன் வரிசையாக நடப்பதற்கும் இதுதான் அடிப்படை. நோயாளி விழித்திருக்கிறார், டாக்டர் சொன்ன பக்கம் பார்க்கிறார், முடிந்ததும் எழுந்து நடந்துபோகிறார்.

கோலர் விட்டுப்போன காகிதங்களோடு ஒரு சின்ன உறையும் இருந்தது. முதல் சோதனைகளுக்கு எடுத்த கோகைனில் மிச்சம் என்று அவர் கையாலேயே அதன் மேல் எழுதியிருந்தார். 1884-லிருந்து பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சேகரிப்பில் பல பத்தாண்டுகள் கழித்து அது கண்ணில் பட்டபோது, உள்ளே வெள்ளைப் பொடி அப்படியே இருந்தது. நூலகம் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று.